நகரப் புதுப்பிப்பும் மாணவர் போராட்டமும் கட்டடக்கலைக் கல்வியில் எதை மாற்றின?

கேள்வி இது: 1950, 60களில் அமெரிக்க நகரங்களில் 'நகரப் புதுப்பிப்பு' என்ற பெயரில் நடந்த இடிப்புகளும், அவற்றை எதிர்த்த மாணவர் போராட்டங்களும் கட்டடக்கலைப் படிப்பை உண்மையிலேயே மாற்றினவா, கோஷத்தோடு முடிந்துவிட்டனவா?

மாற்றின. ஸ்டூடியோவில், அதாவது வடிவமைப்பு வகுப்பில், என்ன வரைகிறார்கள் என்பது கொஞ்சம்தான் மாறியது. யாருக்காக வரைகிறார்கள், யாரைக் கேட்டு வரைகிறார்கள் என்பது பெரிதாக மாறியது. அந்த மாற்றத்திலும் நிலையான பணம், சம்பளம் வாங்கும் ஓர் ஆள், பாடத்திட்டத்தில் மதிப்பெண் ஆகிய மூன்றும் கிடைத்த பகுதிகள்தான் தங்கின. மற்றவை ஏழெட்டு வருடத்தில் கரைந்துபோயின. ஏன் என்று புரிய, இடிப்பின் பணக்கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் முதல் பகுதி (எல்லோரும் 'டைட்டில் ஒன்' என்பார்கள்) நகராட்சிகளுக்கு ஒரு வழி திறந்தது. ஒரு பகுதியைச் 'சீரழிந்தது' என்று அறிவிக்கலாம், நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தலாம், இடித்துத் தரைமட்டமாக்கித் தனியார் கட்டுமான நிறுவனத்துக்குக் குறைந்த விலையில் விற்கலாம். அதில் வரும் நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்கும். உதாரணத்துக்கு, நிலம் வாங்கி இடிக்க 90 லட்சம் டாலர் செலவாகி, விற்றதில் 30 லட்சம் வந்தால் நட்டம் 60 லட்சம். அதில் 40 லட்சம் வாஷிங்டன் தரும், 20 லட்சம் நகராட்சி போடும். நல்ல நிலையில் இருக்கும் கட்டடமும் அந்த எல்லைக்குள் இருந்தால் இடிக்கலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1954இல் பெர்மன் எதிர் பார்க்கர் வழக்கில் 'இடிக்கலாம்' என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர்களின் கடை நன்றாகத்தான் இருந்தது. பகுதி முழுவதையும் ஒன்றாகப் பார்த்தால் போதும், கட்டடம் கட்டடமாகப் பார்க்கத் தேவையில்லை என்பது தீர்ப்பு.

கட்டடக்கலைக் கல்லூரிகள் இதற்குள் வந்த கதவு 1959இல் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 112ஆம் பிரிவு. புதுப்பிப்புப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் தன் விரிவாக்கத்துக்காக நிலம் வாங்கி இடித்தால், அந்தச் செலவை நகராட்சி தன் பங்காகக் கணக்குக் காட்டிக்கொள்ளலாம். மேலே சொன்ன கணக்கில் பல்கலைக்கழகம் 20 லட்சம் செலவழித்தால் போதும், நகராட்சி கையிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்காமல் மத்திய அரசின் 40 லட்சத்தைப் பெறலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சுற்றிய ஹைட் பார்க் பகுதியின் அனுபவத்திலிருந்து பிறந்த பிரிவு இது. இதன்பின் நகராட்சிகளுக்குப் பல்கலைக்கழகங்கள் விலைமதிப்பில்லாத கூட்டாளிகள் ஆயின. 1968 மாணவர்களின் கோபம் மேயர்கள் மேல் மட்டும் திரும்பாமல் தங்கள் சொந்த வளாகத்தின் மேலேயே திரும்பியதற்குக் காரணங்களைத் தேடுகிறவர்கள் வியட்நாம் போரைத்தான் முதலில் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் கட்டடக்கலை மாணவர்களைப் பொறுத்தவரை நிலக்கணக்கும் அதே அளவு முக்கியம்.

'சீரழிவு' எப்படி அளக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் கைவைத்த முதல் இடமே அதுதான். அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் 1940களில் ஒரு மதிப்பீட்டு முறை உருவாக்கியிருந்தது. பொதுக் கழிப்பறை, சூடேற்றும் வசதியின்மை, நெரிசல் என்று குறை ஒவ்வொன்றுக்கும் தண்டப் புள்ளி, புள்ளி கூடக் கூட வீடு மோசம். இதில் வாடகை எவ்வளவு, உறவினர் எத்தனை பேர் அதே தெருவில், கடன் தரும் மளிகைக் கடை எங்கே என்பதற்கெல்லாம் இடமே இல்லை. போதாததற்குப் பல இடங்களில் அதிகாரிகள் காரைவிட்டு இறங்காமல் முகப்பைப் பார்த்தே கட்டடத்துக்குத் தரம் போட்டார்கள். பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் பகுதியில் சுமார் 2,700 குடும்பங்கள் 1958 தொடங்கி வெளியேற்றப்பட்டபின் நடந்த ஆய்வுகள் இந்த முறையின் ஓட்டையைத் தெளிவாகக் காட்டின: புதிய இடங்களில் பலருக்கு வாடகை கணிசமாக ஏறியது, அக்கம்பக்க உறவு அறுந்தது. வாடகைதாரர்களுக்கு ஒழுங்கான நஷ்டஈடும் இடமாற்ற உதவியும் உறுதிசெய்யும் மத்தியச் சட்டம் 1971 ஜனவரியில்தான் கையெழுத்தானது. அதற்குள் பெரும்பாலான இடிப்பு முடிந்திருந்தது.

அந்தக் காலத்துக் கல்லூரி ஸ்டூடியோ இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஆசிரியர் ஒரு காலிமனையைக் கொடுப்பார். அதில் ஏற்கெனவே யார் இருந்தார்கள் என்ற கேள்வி வராது. வாடிக்கையாளர் என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். கடைசி நாளில் ஜூரி என்ற மதிப்பீட்டுக் குழு வந்து மாடலைப் பார்த்து மதிப்பெண் போடும். ஆசிரியர்களில் பலர் புதுப்பிப்புத் திட்டங்களில் வேலை செய்துகொண்டும் இருந்தார்கள். யேல் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஹேவன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேயர் ரிச்சர்ட் லீயின் ஆட்சியில் (1954 முதல் 1970 வரை) அந்தச் சின்ன நகரம் தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் நாட்டிலேயே மிக அதிகப் புதுப்பிப்புப் பணம் வாங்கியது. ஓக் தெரு குடியிருப்பு ஒரு நெடுஞ்சாலை இணைப்புக்காக அழிக்கப்பட்டது. அதே புதுப்பிப்பின் பகுதியான டெம்பிள் தெரு பல அடுக்கு வாகன நிறுத்தத்தை வடிவமைத்தவர் பால் ருடால்ஃப். 1958 முதல் 1965 வரை யேல் கட்டடக்கலைத் துறைக்குத் தலைவரும் அவரே.

நல்லெண்ணம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 1967 ஜனவரி சாட்சி. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கொலம்பியா, கார்னெல், பிரின்ஸ்டன், எம்ஐடி என நான்கு பல்கலைக்கழகக் குழுக்களிடம் ஹார்லெமையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் கொடுத்து, புதிய நகரம் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லிக் கண்காட்சி வைத்தது. மாடல்கள் அழகு. ஆனால் ஹார்லெம்வாசிகள் அந்த வேலையில் இல்லை. அப்போதே இதைப் பலர் சுட்டிக்காட்டினார்கள்.

கொலம்பியாவில் இது வெடித்த விதத்தைக் கட்டடக்கலைக் கண்ணோடு பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் மேட்டில் இருக்கிறது, ஹார்லெம் கீழே. நடுவே பாறைச் சரிவாக இறங்கும் மார்னிங்சைட் பூங்கா, சுமார் 30 ஏக்கர் பொது நிலம். அதில் 2 ஏக்கருக்குச் சற்று அதிகமான இடத்தில் கொலம்பியா ஓர் உடற்பயிற்சிக் கூடம் கட்ட அனுமதி வாங்கியிருந்தது. மாணவர்களுக்கு மேட்டுப் பக்கம் மேல்வாசல். ஹார்லெம் மக்களுக்கு அடித்தளத்தில் ஒரு சிறு பகுதி, அதற்குச் சரிவின் அடியில் தனி வாசல். தளவரைபடத்தை மட்டும் பார்த்தால் இது பெரிதாகத் தெரியாது. கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வெட்டுமுகத்தை வரைந்தால் ஒரே கட்டடத்தில் இரண்டு இனங்களுக்கு இரண்டு வாசல் என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். தெற்கு மாநிலங்களின் இன ஒதுக்கலுக்கு 'ஜிம் க்ரோ' (Jim Crow) என்று பெயர்; மாணவர்கள் அதில் உடற்பயிற்சிக் கூடத்தைக் குறிக்கும் 'ஜிம்'மை (gym) வைத்து இதற்கு 'ஜிம் க்ரோ' (Gym Crow) என்று பெயர் சூட்டினார்கள். கூடவே, பல்கலைக்கழகம் சுற்றுவட்டாரத்தில் கட்டடங்களையும் ஏழைகள் தங்கும் ஒற்றை அறை விடுதிகளையும் வாங்கிக் குடியிருந்தவர்களைக் காலிசெய்துவந்த கோபமும் சேர்ந்திருந்தது.

1968 பிப்ரவரியில் தோண்டத் தொடங்கினார்கள். ஏப்ரல் 23 அன்று போராட்டம் தொடங்கியது, மாணவர்கள் ஐந்து கட்டடங்களைக் கைப்பற்றினார்கள். அவற்றில் ஒன்று கட்டடக்கலைப் பள்ளி இயங்கிய ஏவ்ரி ஹால், அதைப் பிடித்தவர்கள் கட்டடக்கலை மாணவர்களே. ஏப்ரல் 30 விடியற்காலை போலீஸ் உள்ளே நுழைந்து சுமார் 700 பேரைக் கைதுசெய்தது, பலருக்குக் காயம். கூடம் கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. தோண்டிய குழி இருபது வருடத்துக்குமேல் அப்படியே கிடந்து, 1990 வாக்கில் குளமும் அருவியுமாக ஆக்கப்பட்டது.

அதே வருடம் ஜூன் மாதம் போர்ட்லண்டில் நடந்த அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழக மாநாட்டில், கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக இயங்கும் தேசிய நகர்ப்புற லீகின் தலைவர் விட்னி யங், கூடியிருந்த கட்டடக்கலைஞர்களைப் பார்த்து, குடிமை உரிமைப் போராட்டத்தில் உங்கள் தொழில் பேசாமல் இருந்ததாலேயே பெயர் வாங்கியிருக்கிறது என்ற பொருளில் கடுமையாகப் பேசினார். அந்தப் பேச்சின் நேரடி விளைவாகச் சிறுபான்மை மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் வந்தது. 1971இல் கறுப்பினக் கட்டடக்கலைஞர்கள் பன்னிரண்டு பேர் டெட்ராய்டில் கூடித் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்.

போராட்டத்தைவிடக் கல்விக்கு அதிகம் கொடுத்தது, அதற்கு முன்பே தெருவில் தொடங்கிய வேலைமுறை. நியூயார்க்கின் கூப்பர் ஸ்கொயர் பகுதியில் 1959இல் நகரின் புதுப்பிப்புத் திட்டங்களை நடத்திவந்த அதிகாரி ராபர்ட் மோசஸின் தரப்பு இடிப்புத் திட்டத்தை அறிவித்தபோது, குடியிருப்போர் 'வேண்டாம்' என்று சொல்வதோடு நிற்கவில்லை. திட்ட வல்லுநர் வால்டர் தாபிட்டோடு சேர்ந்து 1961இல் மாற்றுத் திட்டத்தையே தயாரித்தார்கள். 1963இல் பிராட் கல்லூரி புரூக்ளினில் ஒரு சமூக மையம் தொடங்கியது. 1964இல் ரிச்சர்ட் ஹாட்ச் ஹார்லெமில் 'ஆர்க்' என்ற கட்டடக்கலைஞர் குழுவை நிறுவினார். பின்னர் கானாவில் வேலை செய்து திரும்பிய மேக்ஸ் பாண்ட் அதற்குத் தலைமையேற்றார். 1965இல் பால் டேவிடாஃப், ஏழை மக்களுக்கு வக்கீல்போல் திட்டமிடுபவர் வாதாட வேண்டும் என்ற கருத்தை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். 1966இல் கேம்பிரிட்ஜில் ஆசிரியர்களும் மாணவர்களும் நடத்திய 'அர்பன் பிளானிங் எய்ட்', குடியிருப்புகளை அறுத்துச் செல்லவிருந்த இன்னர் பெல்ட் நெடுஞ்சாலையை எதிர்த்துப் போராடியது. 1970இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் அந்தச் சாலை வேலைகளை நிறுத்தினார்.

மாற்றுத் திட்டம் தயாரிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இன்றும் ஸ்டூடியோவில் கற்பிக்கத்தக்கது இதுதான். முதல் வேலை மறுகணக்கெடுப்பு. அதிகாரி வெளியிலிருந்து பார்த்த கட்டடத்துக்குள் போய், தளம் தளமாகக் கூரைக் கசிவு, குழாய், மின்கம்பி, தாங்கு சுவர் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். அழுக்கு வேறு, கட்டமைப்புச் சேதம் வேறு. பூச்சு உதிர்ந்த சுவரையும் வெடித்த அஸ்திவாரத்தையும் ஒரே பட்டியலில் போட்டதால்தான் நன்றாக நிற்கும் கட்டடங்கள் இடிப்புக்குள் போயின. அடுத்து, எத்தனை குடும்பம், என்ன வாடகை, எவ்வளவு வருமானம் என்ற பட்டியல். இது இல்லாமல் 'மக்கள் இங்கேயே இருக்க விரும்புகிறார்கள்' என்று பொது விசாரணையில் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாவது வேலை வரிசைப்படுத்துவது. கூப்பர் ஸ்கொயர் திட்டத்தின் உயிர் இதில்தான் இருந்தது. வீடு இல்லாத மனையில் முதல் கட்டடத்தை எழுப்ப வேண்டும். பக்கத்துக் கட்டடத்துக் குடும்பங்களை அதில் ஒரே தடவை குடியமர்த்த வேண்டும். காலியான கட்டடத்தைச் செப்பனிட்டோ மாற்றியோ அடுத்த கூட்டத்தை அங்கே கொண்டுவர வேண்டும். பகுதியைவிட்டு யாரும் போகாமல் வேலை நடக்கும். கடைசியாக, இதே வேலைக்கான செலவைச் சட்டத்தின் அதே வாய்பாட்டில் போட்டுக் காட்ட வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் சறுக்கிய இடம் இந்தக் கடைசி வேலை. அழகான வரைபடம் இருக்கும், நகராட்சியின் கணக்காளர் கேட்கும் ஒரே கேள்விக்கு விடை இருக்காது. கூப்பர் ஸ்கொயரில் மக்கள் அமைப்பு அந்த விடையை வைத்துக்கொண்டு பல வருடம் விடாமல் நின்றது. 1970இல் நகராட்சி மாற்றுத் திட்டத்தின் ஒரு வடிவத்தை ஏற்றது. 1991இல் குடியிருப்போர் நடத்தும் கூட்டு வீட்டமைப்பு உருவாகும் வரை அந்த முயற்சி நீண்டது.

இனி கல்லூரிகளுக்குள் என்ன நடந்தது. கொலம்பியாவில் 1968க்குப்பின் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பாடத்திட்டத்தையும் நிர்வாகத்தையும் மாற்றினார்கள். கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்களைத் தேடிப்போய்ச் சேர்க்கும் முயற்சி நடந்தது. ஹார்லெமிலேயே இருக்கும் சிட்டி கல்லூரியில் 1969இல் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் வளாகத்தைக் கைப்பற்றியபின், 1970 முதல் நகரின் பொதுப் பல்கலைக்கழகம் முழுவதும் சேர்க்கை திறந்துவிடப்பட்டது. நடைமுறையில் கொலம்பியாவின் சீர்திருத்தத்தைவிட இதன் பலன் அதிகக் கறுப்பின மாணவர்களை எட்டியது என்பது என் மதிப்பீடு.

யேலில் இரு வேறு பாதைகள். நகரத் திட்டமிடல் துறையில் மாணவர்களும் ஆசிரியர்களும் சமமாக முடிவெடுக்கும் மன்றம் 1969இல் மாணவர் சேர்க்கை அனுமதியைத் தானே வழங்கிவிட்டது. அது தன் அதிகாரம் என்று நிர்வாகம் தலையிட்டது, துறையே மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 14 அன்று ருடால்ஃப் வடிவமைத்த கலை, கட்டடக்கலைக் கட்டடம் தீக்கிரையானது. காரணம் கடைசிவரை உறுதியாகவில்லை, ஆகவே மாணவர்கள் கொளுத்தினார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொரு பாதை, ருடால்ஃபுக்குப்பின் தலைவரான சார்லஸ் மூர் 1967இல் தொடங்கிய கட்டுமானப் பயிற்சி. முதலாண்டு மாணவர்கள் கென்டக்கியின் நியூ சயான் என்ற ஊரில் ஒரு சமூகக் கூடத்தை வடிவமைத்துத் தாங்களே கட்டினார்கள். அந்தப் பயிற்சி இன்றும் நடக்கிறது, 1980களின் இறுதியிலிருந்து நியூ ஹேவனிலேயே குறைந்த விலை வீடுகள் கட்டுகிறார்கள். அதிகாரத்தைக் கேட்ட மன்றம் போய்விட்டது, பாடவேளையில் இடம்பிடித்த பயிற்சி நிலைத்துவிட்டது. தங்கியதையும் தங்காததையும் பிரித்த கோடு இங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஹார்வர்டில் 1969 ஏப்ரல் ஆக்கிரமிப்பின் கோரிக்கைகளில், மருத்துவமனை விரிவாக்கத்துக்காக ராக்ஸ்பரியில் வீடுகளை இடிக்கக்கூடாது என்பதும் ஒன்று. அங்கே குடியிருந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து, ஜான் ஷரட் என்ற கட்டடக்கலைஞரோடு சேர்ந்து நின்றார்கள். விளைவு, 1978இல் திறந்த மிஷன் பார்க் குடியிருப்பு, 700க்கு மேற்பட்ட வீடுகள். பாஸ்டனின் தெற்கு முனையில் புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் இடிப்பை எதிர்த்து வென்ற வில்லா விக்டோரியாவும் ஷரட்டின் வேலைதான். மாணவர் போராட்டம் பல்கலைக்கழகத்தை ஒரு கணம் தடுமாறவைத்தது. அந்தக் கணத்தைப் பயன்படுத்திக்கொள்ள, ஏற்கெனவே கட்டமைந்த ஒரு குடியிருப்போர் சங்கமும் உரிமம் பெற்ற ஒரு கட்டடக்கலைஞரும் தயாராக இருந்தார்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வீடு வந்திருக்காது.

தோற்ற இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. செமஸ்டர் பதினைந்து வாரம். நகராட்சி விசாரணை, கடன் ஒப்புதல், கட்டுமானம் எல்லாம் சேர்த்துப் பல வருடம். புதிய கூட்டம் மாணவர்கள் செப்டம்பரில் வந்து அதே வீட்டில் அதே கேள்விகளைக் கேட்டால், மூன்றாவது தடவை கதவு திறக்காது. அது நியாயம்தான். மாணவர்கள் வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது, உரிமம் பெற்றவரின் முத்திரை இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது, விபத்துக் காப்பீடு இல்லாமல் ஏணியில் ஏற முடியாது. இலவச வேலை அந்தப் பகுதியின் சிறு கட்டடக்கலைஞர்களுடைய பிழைப்பைப் பாதிக்குமோ என்ற அச்சமும் எழுந்தது. கூட்டாகச் செய்த வேலைக்குத் தனித்தனி மதிப்பெண் போட்டதால் குழுக்கள் உடைந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம்: இத்தகைய சமூக மையங்கள் மத்திய அரசின் வறுமை ஒழிப்பு, வீட்டுவசதி நிதியை நம்பியிருந்தன. 1973 ஜனவரியில் நிக்சன் அரசு வீட்டு மானியங்களை நிறுத்திவைத்தது, 1974இல் டைட்டில் ஒன் முடிந்தது, 1975இல் நியூயார்க் நகரமே திவாலாகும் நிலைக்குப் போனது. 1980களின் தொடக்கத்தில் வந்த நிதி வெட்டில் பல மையங்கள் மூடின. எதிர்ப்பதற்கு இடிப்பு இல்லாமல் போனதும், எதிர்க்கப் பணம் இல்லாமல் போனதும் ஒரே சமயத்தில் நடந்தன. கல்லூரிகளில் வடிவத்தையும் கோட்பாட்டையும் பற்றிய பேச்சு மேலெழுந்தது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர்களில் கறுப்பினத்தவர் இன்றும் ஏறத்தாழ 2 சதவீதம்தான். 1968இன் கோரிக்கைகளில் மிகவும் தோற்றது இதுவே.

இதையெல்லாம் வைத்து இன்று ஒரு சமூக ஸ்டூடியோவை நடத்துவதாக இருந்தால், மாணவர்கள் பகுதிக்குள் கால்வைக்கும் முன் சிலவற்றை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அழைத்தது யார், எந்தச் சங்கம் என்பது முதல் வரியாக இருக்கட்டும். கணக்கெடுப்பின் முழுப் பிரதியும் வரைபடக் கோப்புகளும் செமஸ்டர் முடிவில் அந்தச் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். அடுத்த கூட்டம் மாணவர்கள் அதே கேள்விகளை மறுபடி கேட்காமலே தொடர, ஆண்டு முழுவதும் இருக்கும் ஓர் ஊழியரின் பெயரும் சம்பளத்துக்கான இரண்டு வருடப் பணமும் உறுதியாக வேண்டும். ஜூரியில் குடியிருப்போர் இருவராவது உட்கார வேண்டும், அவர்கள் முதலில் பேச வேண்டும். பேராசிரியர்கள் தொடங்கிவிட்டால் மற்றவர்கள் பேசுவதில்லை. பல்கலைக்கழகத்துக்கே அந்தப் பகுதியில் நிலமோ விரிவாக்கத் திட்டமோ இருந்தால், அதன் சர்வே எண்களும் வரைபடமும் முதல் வார வகுப்பிலேயே மேசைமேல் விரிக்கப்பட வேண்டும்.